அழுத்தியும் கேட்காத பட்டன்: கேம் பாய் கலர், அட்வான்ஸ் பழுது பார்க்கும் முறை

லேசாகத் தொட்டாலே வேலை செய்த ஏ பட்டன், இப்போது விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அமுக்கினால்தான் கேட்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருக்காது. அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது கார்பன் தேய்ந்திருக்கும். இரண்டையும் வீட்டு மேசையிலேயே சரி செய்யலாம்.

நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவிகளான, 1998-ல் வந்த கேம் பாய் கலரிலும் 2001-ல் வந்த கேம் பாய் அட்வான்ஸிலும் முகப்புப் பட்டன்களுக்கு அடியில் இருப்பது ஒரே ஏற்பாடுதான். பிளாஸ்டிக் பட்டனுக்குக் கீழே ஒரு சிலிகான் ரப்பர் குமிழ். குமிழின் உள்பக்க உச்சியில் பொட்டு மாதிரி ஒரு கறுப்புக் கார்பன் வில்லை. அதற்கு நேர் கீழே சர்க்யூட் போர்டில், இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து வைத்தது போல ஒரு தடம். சீப்புகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. பட்டனை அழுத்தினால் குமிழ் மடங்கி, வில்லை கீழே இறங்கி, இரண்டு சீப்பையும் சேர்த்துத் தொடும். அந்தத் தொடுகையைத்தான் சிப் “பட்டன் அழுத்தப்பட்டது” என்று எடுத்துக்கொள்கிறது. டிவி ரிமோட்டில் இருப்பதும் இதுவே. ஆகவே ரிமோட் பட்டனைச் சரிசெய்யப் பழகிய கைக்கு இது புது வேலை இல்லை.

பலரும் மெஷினைத் திறக்காமலேயே புது ரப்பர் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அதில் அவசரம் வேண்டாம். கம்பெனி ரப்பர் 20 வருடம் கழித்தும் நல்ல பதத்தில் இருப்பது சாதாரணம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மாற்று ரப்பர் பலவும் அதைவிடக் கெட்டியாகவோ, குமிழ் உயரம் குறைவாகவோ இருக்கும். முதலில் கோளாறு பிளாஸ்டிக்கிலா, ரப்பரிலா, போர்டிலா என்று கண்டுபிடியுங்கள். பணம் செலவழிப்பது அதற்குப் பிறகு.

விரலே பாதி சொல்லிவிடும்

பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு மெதுவாக மேலே வந்தால் ரப்பரைச் சந்தேகப்படாதீர்கள். பட்டனுக்கும் மூடியின் ஓட்டைக்கும் இடையே சர்க்கரைப் பிசுக்கு இருக்கிறது; எப்போதோ சிந்திய குளிர்பானமாக இருக்கும். பட்டன் நன்றாக எழும்புகிறது, ஆனால் பலமாக அமுக்கினால்தான் கேட்கிறது என்றால் தொடும் பரப்பில் எண்ணெய்ப் படலம், அல்லது கார்பன் தேய்மானம். எழுச்சியே இல்லாமல் பஞ்சை அழுத்துவது போலிருந்தால் ரப்பர் குமிழின் விளிம்பு கிழிந்திருக்கலாம். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிகிறது என்றால், வில்லை பாதி இடத்தில் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. எவ்வளவு அழுத்தினாலும் ஆட்டத்தில் எதுவுமே பதியவில்லை என்றால் போர்டில் தடம் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

திறக்கும் முன் எல்லாப் பட்டனையும் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. 1989-ல் வந்த டெட்ரிஸ் மாதிரி, பழைய கறுப்பு-வெள்ளை கேம் பாய்க்கான கார்ட்ரிட்ஜ் ஒன்று போதும். அதைக் கேம் பாய் கலரிலோ அட்வான்ஸிலோ போட்டு ஆன் செய்து, தொடக்கத்தில் பெயர் தோன்றும் அந்த நொடிகளில் டி-பேடின் (நான்கு திசைக்கான சிலுவை வடிவப் பட்டன்) ஒரு திசையை அழுத்துங்கள். நிறத் தொகுதி மாறும்: மேலே அழுத்தினால் பழுப்பு, இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் பச்சை, கீழே வெளிர் நிறங்கள். திசையோடு ஏ அல்லது பி-யையும் சேர்த்துப் பிடித்தால் வேறு நிறங்கள் வரும். இடமும் பி-யும் சேர்ந்தால் சாம்பல் நிறம், வலமும் பி-யும் சேர்ந்தால் நிறம் தலைகீழாகும். மொத்தம் 12 சேர்க்கை. எந்தச் சேர்க்கையில் நிறம் மாறவில்லையோ அதில்தான் குற்றவாளி இருக்கிறது. பிறகு ஆட்டத்துக்குள் போய் ஸ்டார்ட் அழுத்தினால் நிற்க வேண்டும். செலக்ட் அழுத்தினால் அடுத்து வரும் துண்டைக் காட்டும் கட்டம் மறைய வேண்டும். அட்வான்ஸில் இதே கார்ட்ரிட்ஜ் ஓடும்போது, மேல் ஓரத்தின் இரு மூலைகளிலும் இருக்கும் எல், ஆர் பட்டன்கள் படத்தை அகலமாக்கும், பழைய அளவுக்குக் கொண்டுவரும். அவற்றுக்கும் சோதனை முடிந்தது.

கேம் பாய் கலரில் மட்டும் இன்னொன்றைக் கவனியுங்கள். அதில் எட்டுப் பட்டன்களுக்கும் தனித்தனி வயர் கிடையாது. நான்கு வரியை, அதாவது மின் பாதையை, இரண்டிரண்டு பட்டன்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஏ-யும் வலமும் ஒரே வரி. பி-யும் இடமும் ஒரு வரி. செலக்டும் மேலும் ஒரு வரி. ஸ்டார்ட்டும் கீழும் ஒரு வரி. இப்படி ஒரு ஜோடி சேர்ந்தாற்போல் செத்திருந்தால் ரப்பரைத் தொடவே வேண்டாம்; அந்த வரி எங்கோ அறுந்திருக்கிறது. டி-பேடின் நான்கு திசையும் ஒட்டுமொத்தமாகப் போனாலும் அதே கதைதான்: அந்த நான்குக்கும் பொதுவான வரியைத் தேட வேண்டும். அட்வான்ஸில் இந்தப் பங்கீடு இல்லை. பத்துப் பட்டன்களும் சிப்புக்குத் தனித்தனியாகப் போகின்றன.

மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வெளி ஸ்க்ரூக்கள் மூன்று இதழ் வடிவத் தலை கொண்ட ட்ரை-விங் வகை. அதற்கேற்ற ஸ்க்ரூடிரைவர் கட்டாயம் வேண்டும். சின்ன மைனஸ் டிரைவரை நுழைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் துளை போட்டு எடுக்கிற நிலைதான். உள் ஸ்க்ரூக்களுக்கு 00 அளவு பிலிப்ஸ். இவை தவிர 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 50 மில்லி, காட்டன் பட்ஸ், மென்மையான பழைய டூத்பிரஷ், பாத்திரம் கழுவும் திரவம், வெள்ளைக் காகிதம், பிளாஸ்டிக் ட்வீசர், மல்டிமீட்டர். ஆல்கஹாலை ஐபிஏ என்று கேட்டால் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் தருவார்கள். சென்னையில் ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும்.

கை கழுவும் சானிடைசர் உதவாது. அதில் கலந்திருக்கும் கிளிசரின் போன்றவை காய்ந்த பிறகும் பரப்பில் தங்கி, நீக்க வந்த படலத்தையே புதிதாக உண்டாக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டும் மூடியின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே அடித்தால் அன்றைக்கு வேலை செய்வது போல இருக்கும். சில வாரத்தில் தூசியை இழுத்துப் பசையாகிவிடும்.

திறப்பது

கார்ட்ரிட்ஜையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். கேம் பாய் கலரில் ஆறு ட்ரை-விங் ஸ்க்ரூ: நான்கு பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும், இரண்டு பேட்டரி அறைக்குள் இருக்கும். அட்வான்ஸில் ஆறு ட்ரை-விங், அதோடு பேட்டரி அறைக்குள் ஒரு பிலிப்ஸ். ஸ்க்ரூக்களை எடுத்த வரிசையில், எடுத்த இடத்தின் படம் போலவே ஒரு காகிதத்தில் பரப்பி டேப் ஒட்டி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் மூடியின் முன்பக்கம் பொத்துக்கொண்டு வரும்.

பின் மூடியை ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். கேம் பாய் கலரின் தலைப்பக்கம் இருக்கும் அகச்சிவப்புக் கதிருக்கான கறுப்புக் கண்ணாடித் துண்டை எந்த ஸ்க்ரூவும் பிடித்திருக்கவில்லை. மூடி திறந்ததும் உருண்டு மேசைக்குக் கீழே போய்விடும். பவர் சுவிட்சின் பிளாஸ்டிக் தொப்பியும் அப்படியே. அட்வான்ஸில் எல், ஆர் பட்டன்கள் தளர்ந்து வரும். அவை எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று தொடும் முன் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்டை முன் மூடியிலிருந்து தூக்க வேண்டுமானால் திரையின் ரிப்பனை (தட்டையான மெல்லிய கேபிள்) கழற்ற வேண்டும். ரிப்பன் நுழையும் சாக்கெட்டின் இரு ஓரத்திலும் கருமையான பூட்டு இருக்கும். இரண்டு பக்கத்தையும் நகத்தால் மாறி மாறித் தள்ளினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகரும். அவ்வளவுதான், அதற்கு மேல் இழுத்தால் பூட்டு கையோடு வந்துவிடும். பூட்டு திறந்ததும் ரிப்பன் தானாக வழுக்கி வெளியே வர வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். பிறகு உள் பிலிப்ஸ் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் போர்டைப் புத்தகப் பக்கம் போலப் புரட்டுங்கள். ஸ்பீக்கர் வயர்கள் இரண்டும் மெல்லியவை; அவற்றில் பாரம் விழக் கூடாது.

இப்போது மூன்று ரப்பர் துண்டுகள் தெரியும்: டி-பேடுக்கு ஒன்று, ஏ-பி-க்கு ஒன்று, ஸ்டார்ட்-செலக்டுக்கு ஒன்று.

கழுவும் முன் பாருங்கள், அளந்து பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் ஏ பட்டனின் கார்பன் வில்லையையும் செலக்டின் வில்லையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மெஷினிலும் மிகக் குறைவாக அழுத்தப்பட்டது செலக்ட்தான். ஆகவே அது உங்கள் மெஷினுக்கே உரிய அளவுகோல். செலக்டின் வில்லை சிலேட்டு மாதிரி மங்கலான கறுப்பாக, சமமாக இருக்கும். ஏ-யின் வில்லை பளபளவென்று மின்னினால் அதில் எண்ணெயோ பசையோ படிந்திருக்கிறது; கழுவினால் சரியாகும். நடுவில் சீப்பின் கோடுகள் பள்ளமாகப் பதிந்து, அந்த இடத்தில் கறுப்பு வெளிறி அடியிலிருக்கும் ரப்பர் தெரிந்தால் தேய்மானம்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, இரண்டு முனையையும் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வில்லையின் மேல் மெதுவாக அழுத்துங்கள். நல்ல நிலையில் இருக்கும் வில்லை சில நூறு ஓமுக்குள் காட்டும். பல ஆயிரம் ஓம் ஏறினால், அல்லது எண் நிற்காமல் குதித்தால், தொடுகை பலவீனம். முனையை அழுத்தும் பலத்தைப் பொறுத்து எண் மாறும் என்பதால் ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். செலக்டில் ஐந்து முறை, ஏ-யில் ஐந்து முறை அளந்து ஒப்பிடுங்கள்.

போர்டின் பக்கத்தையும் இப்போதே அளந்துவிடலாம். அட்வான்ஸ் போர்டில் பட்டன்களுக்கென்றே டிபி0 முதல் டிபி9 வரை எண்ணிட்ட சோதனைப் புள்ளிகள் உண்டு: 0 ஏ, 1 பி, 2 செலக்ட், 3 ஸ்டார்ட், 4 வலம், 5 இடம், 6 மேல், 7 கீழ், 8 ஆர், 9 எல். பேட்டரி இல்லாத நிலையில், மீட்டரை இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்தால், ஒரு சீப்புக்கும் அதற்குரிய புள்ளிக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்க வேண்டும். மற்ற சீப்புக்கும் பேட்டரியின் மைனஸ் தகட்டுக்கும் இடையே பீப் அடிக்க வேண்டும். இரண்டும் அடித்தால் போர்டு நலம். கேம் பாய் கலரில் முன்பு சொன்ன ஜோடிகளை வைத்தே பார்க்கலாம்: ஏ-யின் ஒரு சீப்பும் வலத்தின் ஒரு சீப்பும் இணைந்திருக்கும், ஏ-யின் மறு சீப்பும் பி-யின் ஒரு சீப்பும் இணைந்திருக்கும்.

சுத்தம் செய்வது: ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழி

பிளாஸ்டிக் பட்டன்களையும், திரையும் ஸ்பீக்கரும் நீக்கிய மூடியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு பாத்திரத் திரவம் விட்டு ஊறவைத்து, பிரஷ்ஷால் ஓட்டைகளின் உள்சுவரைத் தேயுங்கள். இங்கே ஆல்கஹாலை முதலில் எடுப்பது வீண். சர்க்கரை ஐபிஏ-யில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். குளிர்பானம் சிந்திய மெஷினை ஆல்கஹால் மட்டும் போட்டுத் துடைத்தால் ஒரு வாரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்வது இதனால்தான். கேம் பாய் கலரில் திரைக்கு மேலிருக்கும் கண்ணாடி முன் மூடியில் பசையால் ஒட்டியிருக்கும். அந்த மூடியை ஊறவைக்காமல் ஈரப் பஞ்சால் பட்டன் ஓட்டைகளை மட்டும் துடைத்து எடுங்கள்.

ரப்பரையும் அதே சோப்புத் தண்ணீரில் விரலால் அலசலாம். கார்பன் வில்லையைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை முக்கி, பஞ்சு உதிராத துணியில் ஒற்றி, நிழலில் இரவு முழுதும் காய விடுங்கள். ஹேர் டிரையரின் சூட்டைக் காட்ட வேண்டாம். காய்ந்த பிறகு வெள்ளைக் காகிதத்தை மேசையில் வைத்து, வில்லையை அதன் மேல் குப்புற வைத்து, மேலிருந்து விரலால் மெல்ல அழுத்தி ஒரு அங்குலம் இழுங்கள். பென்சில் கோடு போல ஒரு சாம்பல் தடம் விழும். இரண்டு மூன்று இழுப்பு போதும். மேலிருந்த மினுமினுப்பு போய் மங்கல் கறுப்பு திரும்பும். பல மெஷின்களுக்கு இதுவே முழு வைத்தியம். உப்புத் தாள் எடுத்துத் தேய்த்தால் சில நொடிகளில் கார்பன் படலமே போய்விடும்.

போர்டுக்கு ஆல்கஹால். காட்டன் பட்ஸை நனைத்து, பிழிந்து, சீப்பின் பல் நீளும் திசையிலேயே துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் பஞ்சு இழை பல்லில் மாட்டும். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை பட்ஸை மாற்றிக்கொண்டே இருங்கள். சீப்பு கறுப்புக் கார்பன் பூச்சாக இருந்தால் இதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். தங்க நிறமாக இருந்து கறை போகவில்லை என்றால் மென்மையான வெள்ளை அழிரப்பரால் இரண்டு முறை தடவி, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, மறுபடி ஆல்கஹால் போடுங்கள். பிளேடு, நகம் இரண்டும் இங்கே வரக் கூடாது. சுரண்டிய சீப்பைத் திரும்பக் கொண்டுவருவது இந்தப் பழுதிலேயே கடினமான வேலை.

கார்பன் தேய்ந்தே போயிருந்தால்

முதல் தெரிவு புது ரப்பர்தான். மாடல் பெயரைச் சொல்லியே வாங்குங்கள்; கலரின் ரப்பர் அட்வான்ஸில் பொருந்தாது. வந்ததும் அப்படியே போட்டுவிட வேண்டாம். அச்சிலிருந்து வந்த எண்ணெய் அதன் மேல் இருக்கும், சோப்பில் அலசிக் காயவையுங்கள். விளிம்பில் அச்சு மிச்சம் மயிரிழை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். அது போர்டுக்கு அடியில் மாட்டினால் ரப்பர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

புது ரப்பர் கிடைக்காத இடத்தில், ரிமோட் ரிப்பேருக்கென்று விற்கும் கார்பன் வில்லைகளை ஒட்டலாம். பழைய வில்லையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தடிமன் கூடினால் பட்டன் எப்போதும் பாதி அழுத்திய நிலையிலேயே நிற்கும். ஒட்டுவதற்குச் சிலிகான் பசைதான் வேண்டும். சூப்பர் க்ளூ சிலிகானைப் பிடிக்காது. காய்ந்து கண்ணாடி போலாகி உதிரும். பசையைக் குண்டூசி முனை அளவு வைத்து, 24 மணி நேரம் விடுங்கள்.

மின் கடத்தும் கார்பன் பெயின்ட் பூசுவதும் உண்டு. ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்த வில்லையின் முகத்தில் மட்டும் மெல்லிய ஒரு பூச்சு பூசி, ஒரு நாள் காயவிட வேண்டும். குமிழின் சுவரில் பட்டால் அது மடங்கும்போது செதில் செதிலாக உதிர்ந்து சீப்புக்கிடையே விழும். அப்போது யாரும் தொடாமலே பட்டன் அழுந்தியதாக மெஷின் நினைக்கும்.

பென்சில் தேய்ப்பது அவசரத்துக்கு ஓடும். 6பி மாதிரி மென்மையான பென்சிலாக இருக்க வேண்டும். ஆனால் கிராஃபைட் தூள் பரவும்; சில வாரத்தில் பலன் போய்விடும். அலுமினிய ஃபாயில் ஒட்டும் யோசனையை மட்டும் முழுக்கவே தவிர்த்துவிடுங்கள். முதல் நாள் அற்புதமாக வேலை செய்யும். பிறகு அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படிந்து தொடுகை விட்டுவிட்டு வரும். அதைவிட மோசம், ஃபாயிலின் கூர் விளிம்பு போர்டின் கார்பன் சீப்பை அறுக்கும். ரப்பருக்கு மாற்று உண்டு, போர்டுக்குச் சுலபத்தில் கிடையாது.

டி-பேட் தானாகச் சாய்ந்தால்

வலம் அழுத்தினால் கீழும் சேர்ந்து பதிவது தனி வியாதி. டெட்ரிஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: துண்டு விழும்போது வலப்பக்கமோ இடப்பக்கமோ அழுத்திப் பிடியுங்கள். துண்டு பக்கவாட்டில் மட்டும் நகர வேண்டும். திடீரென்று வேகமாகக் கீழே இறங்கினால், நீங்கள் அழுத்தாத கீழ் திசையும் பதிகிறது.

டி-பேட் ஒரு ஏற்றப் பலகை போல, அடியில் நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் முளையின் மேல் ஆடுகிறது. அந்த முளை தேய்ந்தால் முழுச் சிலுவையும் கீழே அமிழ்ந்து, பக்கத்துத் திசையையும் தொட்டுவிடும். மாற்று ரப்பரில் குமிழ் உயரம் குறைவாக இருந்தாலும் இதே விளைவு. முதலில் பழைய ரப்பரையும் பழைய டி-பேடையும் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதிலும் வந்தால், மெல்லிய பாலிஇமைடு டேப்பில் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) 1 மில்லிமீட்டர் அகலத் துண்டு வெட்டி, தொந்தரவு தரும் திசையின் சீப்பில், டி-பேடின் நடுவிலிருந்து விலகிய வெளி விளிம்பில் ஒட்டுங்கள். வில்லை இப்போது இன்னும் கொஞ்சம் இறங்கினால்தான் தொடும். ஓரச் சாய்வில் பதிவது நிற்கும். டேப் அகலமானால் அந்தத் திசையே கேட்காமல் போகும். ஆகவே அரை அரை மில்லிமீட்டராகக் கூட்டிச் சோதியுங்கள்.

எல், ஆர் வேறு வகை

அட்வான்ஸின் எல், ஆர், அதற்குப் பின் வந்த அட்வான்ஸ் எஸ்பி, 2006-ன் நின்டெண்டோ டிஎஸ் லைட் ஆகியவற்றின் தோள் பட்டன்களில் (மேல் ஓரத்து எல், ஆர்) கார்பன் ரப்பர் இல்லை. போர்டில் பற்றவைத்த சின்ன மைக்ரோ சுவிட்ச் இருக்கிறது. அழுத்தினால் டிக் என்று கேட்கும். டிஎஸ் லைட்டில் இது அடிக்கடி போகும். பலரும் வாயால் ஊதுகிறார்கள். ஊதியதும் சில சமயம் வேலை செய்யும், ஆனால் எச்சில் ஈரம் உள்ளே போகிறது. பேட்டரியை எடுத்துவிட்டு, காண்டாக்ட் கிளீனரையோ ஐபிஏ-யையோ ஒரே ஒரு சொட்டு சுவிட்சின் தண்டு ஓரத்தில் விட்டு, நாற்பது ஐம்பது முறை அழுத்தி விடுவதே சரி. பத்து நிமிடம் காய்ந்ததும் சோதியுங்கள். இரண்டு சுற்றிலும் சரியாகவில்லை என்றால் சுவிட்சை மாற்ற வேண்டும்.

மாற்றும்போது ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஓட உதவும் பசை) தாராளமாகப் போட்டு, 330 முதல் 350 டிகிரி வரை, ஒவ்வொரு காலுக்கும் மூன்று நொடிக்கு மேல் இரும்பை வைக்காமல் வேலை செய்யுங்கள். ஈயம் உருகும் முன் சுவிட்சை நெம்பினால் அடியில் இருக்கும் செப்புத் தகடு போர்டோடு பிய்ந்து வரும். சால்டரிங்கில் கை பழகாதவர்கள் இதைப் பக்கத்து மொபைல் ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். சார்ஜிங் சாக்கெட் மாற்றுகிறவருக்கு இது எளிய வேலை. சுவிட்சை மட்டும் அளந்து வாங்கி நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லது.

பின்னால் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஐ, 3டிஎஸ் ஆகியவற்றின் முகப்புப் பட்டன்களும் டிக் என்று ஒலிப்பவை. அவற்றின் அடியில் உலோகக் குமிழ் இருப்பதால் காகிதத்தில் தேய்ப்பது, கார்பன் பூசுவது எதுவும் அங்கே பொருந்தாது. ஒலி கேட்காமல் மெத்தென்று இறங்கினால் கார்பன் ரப்பர். டிக் என்றால் உலோகம்.

பேட்டரி கசிந்த மெஷின்

பேட்டரி அறையில் வெள்ளைப் பூப்போ பச்சைக் களிம்போ இருந்தால் பட்டன் கேட்காததற்கு அதுவும் காரணமாகலாம். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து வழிவது காரம். தடத்தின் மேல் ஊர்ந்து போய்ச் செம்பைத் தின்னும். கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளை வினிகரிலோ வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த பட்ஸால் தொட்டு நுரைப்பு அடங்கும்வரை துடைத்து, பிறகு தண்ணீர் நனைத்த பட்ஸ், கடைசியாக ஆல்கஹால். வினிகரை மிச்சம் விட்டால் அதுவே அரிக்கும். கறுத்துப் போன தடம் அறுந்திருக்கிறதா என்று முன்பு சொன்ன பீப் சோதனையை மறுபடி செய்யுங்கள். அறுந்திருந்தால் சீப்பின் கோடியிலிருந்து அதற்குரிய சோதனைப் புள்ளிக்கு மெல்லிய எனாமல் வயர் ஒன்றைப் பற்றவைக்க வேண்டியதுதான்.

மூடுவது

பட்டன்கள் முகம் கீழாக மூடியில் உட்கார்ந்த பின், ரப்பரின் ஓட்டைகள் மூடியின் முளைகளில் சரியாக நுழைந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஏ, பி பட்டன்களின் விளிம்பில் இருக்கும் பிதுக்கங்கள் இடம் மாறாமல் உட்கார வைப்பதற்கானவை; உட்காரவில்லை என்றால் அழுத்த வேண்டாம், பட்டனைத் திருப்புங்கள். போர்டை வைத்ததும் ஸ்க்ரூ போடும் முன்பே எல்லாப் பட்டனையும் ஒரு முறை அழுத்துங்கள். எழும்பாதது இப்போதே தெரிந்துவிடும். ரிப்பனை நேராக, அடிவரை நுழைத்துப் பூட்டின் இரு பக்கத்தையும் ஒரே சமயத்தில் தள்ளுங்கள். கோணலாகப் பூட்டினால் திரையில் கோடு விழும்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ போடும்போது முதலில் எதிர்த் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் சின்னதாக விழுந்தது போல உணர்வீர்கள். பழைய மரையில் ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து முறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புது மரை வெட்டி, நாலாவது முறை ஸ்க்ரூ சும்மா சுழலும். பிடித்ததும் நிறுத்துங்கள். இறுக்கி முறுக்கினால் போர்டு ரப்பரை நசுக்கி, சரியாகச் சுத்தம் செய்த பட்டனே மறுபடி மக்கர் செய்யும். எல்லாம் போட்ட பின் ஒரு பட்டன் மட்டும் கனமாகத் தெரிந்தால், அதற்குப் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள்.

கழற்றிய பழைய ரப்பரைக் குப்பையில் போட வேண்டாம். மாடல் பெயர் எழுதிய காகித உறையில், குமிழ் நசுங்காதபடி தட்டையாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் மற்ற ரப்பர்களோடு சேர்த்துப் போட்டால் ஒன்றின் எண்ணெய் இன்னொன்றில் படியும். மாற்று ரப்பர் ஒரு வருடத்தில் கெட்டியாகிவிட்டால், புதுக் கார்பன் வில்லை ஒட்டத் தகுந்த நல்ல குமிழ் அந்தப் பழையதில்தான் இருக்கும்.